ஏரிக்குள் ஒரு முகவரி

சொந்தக்காரர் கடல் கடந்து இருக்கிறார். சொத்து பெங்களூரில், தண்ணீர் போகும் பாதையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு கட்டுக் காகிதம்.

2022 செப்டம்பர் முதல் வாரத்தில் யமலூருக்குப் படகு வந்தது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், சொல்லிக்கொள்ள ஒரு ஜீவநதிகூட இல்லாத நகரம் பெங்களூர். அந்த நகரத்தின் விலை உயர்ந்த வீடுகள் இருக்கும் தெருக்களில் மீட்புப் படையினர் ரப்பர் படகில் போய், மாடியில் நின்றவர்களை இறக்கிக்கொண்டு வந்தார்கள். வெளிநாட்டுக் கார்கள் கூரை மட்டும் தெரிய மிதந்தன. கம்ப்யூட்டர் நிறுவன ஊழியர்கள் கழுத்தில் அடையாள அட்டையுடன் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். ஒரு சவாரிக்கு 50 ரூபாய்.

செப்டம்பர் 4 இரவும் மறுநாள் காலையுமாகக் கொட்டிய மழை 131.6 மில்லிமீட்டர். அதற்குச் சில நாள் முன்பே, ஆகஸ்ட் 30 மழையில் வெளிவட்டச் சாலை ஐந்து மணி நேரம் நின்றுபோனதில் 225 கோடி ரூபாய் நஷ்டம் என்று அந்தச் சாலையில் இருக்கும் நிறுவனங்களின் சங்கம் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியிருந்தது.

தொலைக்காட்சியில் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தவர்கள். வீட்டில் இல்லாதவர்களும் உண்டு. பெங்களூரின் கிழக்குப் பகுதியில் வீடோ ஃபிளாட்டோ வாங்கிவிட்டு அமெரிக்காவிலோ வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் ஏராளம். தரைத்தளத்தில் தண்ணீர் எத்தனை அடி, மரத்தரை ஊறிவிட்டதா, லிஃப்ட் குழியில் தண்ணீர் இறங்கிவிட்டதா என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பேசி வழியாகத்தான் தெரிய வேண்டும். அதையும் யாராவது படம் பிடித்து அனுப்ப வேண்டும்.

வெளியூரில் இருந்துகொண்டு ஒரு படகை வைத்துக் காப்பாற்றுவது கஷ்டம் என்பார்கள். நிறுத்த இடம், பார்த்துக்கொள்ள ஆள், ஆண்டுதோறும் புதுப்பிக்கக் காகிதம், மழைக்காலக் கவலை எல்லாம் வேண்டும். பெங்களூரில் வீடு வைத்திருப்பதும் ஏறக்குறைய அப்படித்தான் ஆகிவிட்டது.

பறக்கும் படகுகள்

யமலூருக்கு வந்த முதல் அன்னியப் படகு 2022-ல் வந்தது அல்ல. ஊருக்கு வடக்கே பழைய விமான நிலையத்தின் சுற்றுச்சுவர், தெற்கே பெல்லந்தூர் ஏரி. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவுடன் இங்கே ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். உலகப் போர் முற்றியபோது, 1943-ல், அதன் நிர்வாகம் அமெரிக்க ராணுவத்தின் கைக்குப் போனது. போரில் அடிபட்ட, ஓடித் தேய்ந்த விமானங்கள் பழுது பார்க்க இங்கே வந்தன. அவற்றில் கேடலினாவும் ஒன்று.

கேடலினாவின் வயிறு படகு, தோள் விமானம். இறங்க ஓடுதளம் வேண்டாம், தண்ணீர் போதும். சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் ஏரியிலும் இலங்கையில் கொக்கல காயலிலும் பிரிட்டிஷ் விமானப்படை இந்தப் பறக்கும் படகுகளை நிறுத்தி வைத்து வங்காள விரிகுடாவையும் இந்தியப் பெருங்கடலையும் கண்காணித்தது. பெங்களூருக்கு வந்தவை பெல்லந்தூர் ஏரியில் இறங்கின. சுமார் 900 ஏக்கர், நகரத்தின் மிகப் பெரிய ஏரி. நூறடிக்கு மேல் இறக்கை விரித்த விமானம் இறங்கி ஏறுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

போர் முடிந்ததும் சொந்தக்காரர்கள் தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏரி ஏரியாகவே மிஞ்சியது. அன்னிய உடைமைகளுக்கு இடம் கொடுத்தும் ஏரிக்குச் சேதம் வராமல் போன கடைசிச் சந்தர்ப்பம் அதுவாக இருக்கலாம்.

வெங்காலூர்ப் பெரிய ஏரி

தமிழ் வாசகர் இந்த வட்டாரத்தைச் சுற்ற விரும்பினால் மடிவாளாவில் தொடங்கலாம். தமிழ்நாட்டு பஸ்கள் ஆளை இறக்கிவிடும் அதே மடிவாளா. சாலை இரைச்சலை விட்டு உள்ளே நடந்தால் பழைய சோமேஸ்வரர் கோயில். அதன் வெளிச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1247-ம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, வெப்பூரைச் சேர்ந்த ஒருவர் தந்த நில தானத்தைப் பதிவு செய்கிறது. வெப்பூர் என்பது இன்றைய பேகூர். நிலம் எங்கே இருக்கிறது என்பதற்கு அது தரும் அடையாளம், வெங்காலூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே. வேறு கல்வெட்டுகளில் தாமரைக்கிரை என்ற பெயர் வருகிறது. பக்கத்தில் இருக்கும் தாவரெகெரெதான் அது.

கல்வெட்டு எழுதியவருக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. நிலத்தின் முகவரி ஏரியைச் சார்ந்தது. ஏரிக்கு மேலா, கீழா, மதகிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லிவிட்டால் அந்த நிலத்தின் தன்மை தெரிந்துவிடும். கீழே இருந்தால் நஞ்சை. உள்ளே இருந்தால் அது யாருடைய நிலமும் இல்லை, தண்ணீருடைய நிலம்.

ஊர் ஒரு முதுகெலும்பு போன்ற மேட்டில் இருக்கிறது. மேற்கே விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகும். கிழக்கே விழுவது பள்ளத்தாக்குகள் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகும். நடுவில் ஆறு இல்லை என்பதால் முன்னோர்கள் பள்ளத்தாக்கின் குறுக்கே கரை போட்டுக்கொண்டே போனார்கள். ஓர் ஏரி நிறைந்தால் மிச்சம் அடுத்த ஏரிக்கு. இணைக்கும் கால்வாய்க்கு ராஜகாலுவே என்று பெயர். தமிழ்க் காதுக்கு இந்தச் சொற்கள் அன்னியமாக இருக்காது. நமது ஏரியின் தூம்பு அங்கே தூபு. வட மாவட்டங்களில் ஏரி நிறைந்து வழிந்தால் கோடி போகிறது என்பார்கள். வர்தூரில் ஏரி வழியும் இடத்தின் பெயரே வர்தூர் கோடி. இன்று அது ஒரு போக்குவரத்து நெரிசல் சந்திப்பின் பெயர்.

ஏரிகள் எங்கே போயின என்பது பெங்களூர்வாசிகளுக்குத் தெரிந்த கதை. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமானது. சம்பங்கி ஏரியின் மேல் கண்டீரவா ஸ்டேடியம். சூளே ஏரி கால்பந்து மைதானம். சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானம். 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்கு வந்த வீரர்கள் தங்குவதற்கு அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்பட்ட இடம் கோரமங்களா ஏரி. இவை எல்லாமே அரசோ அரசு சார்ந்த அமைப்புகளோ முன்னின்று செய்தவை. தனியார் பிறகு வந்து அதே பாடத்தைப் படித்தார்கள்.

டாலரில் வாங்கிய மண்

வெளிநாட்டில் இருந்துகொண்டு பெங்களூரில் மண் வாங்குவது புதிய வழக்கம் இல்லை. நகரின் வடக்கே ராஜமகால் விலாஸ் இரண்டாவது கட்டத்தில் டாலர்ஸ் காலனி என்று ஒரு பகுதி இருக்கிறது. வெளிநாட்டு இந்தியர்களுக்கு வளர்ச்சி ஆணையம் மனை ஒதுக்கியது. பணத்தை டாலரில் கட்டச் சொன்னது. பெயர் நிலைத்துவிட்டது.

அது திட்டமிட்ட மனைப்பிரிவு. பிறகு வந்த வேகத்துக்குத் திட்டம் ஈடுகொடுக்கவில்லை. 1978-ல் எலெக்ட்ரானிக் சிட்டி; 1994-ல் ஒயிட்ஃபீல்டில் சர்வதேசத் தொழில்நுட்பப் பூங்காவுக்கு அடிக்கல்; அப்புறம் வெளிவட்டச் சாலை. மூன்றுக்கும் இடையில் இருந்தவை ராகி வயல்களும் காய்கறித் தோட்டங்களும் ஏரிகளும். மென்பொருள் வேலைக்கு இங்கே வந்து, இங்கிருந்து வெளிநாடு போனவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு வீடு வேண்டும் என்று வாங்கினார்கள். சென்னை, கோவை, திருச்சியைச் சேர்ந்த பலரும் சொந்த ஊரை விட்டுவிட்டு பெங்களூரில் வாங்கினார்கள். வானிலை நன்றாக இருக்கிறது, வாடகை வரும், வயதான பிறகு வந்து இருக்கலாம் என்பது கணக்கு.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அன்னியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் வாழும் இந்தியரும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரும் ரிசர்வ் வங்கியிடம் தனி அனுமதி கேட்காமல் குடியிருப்பும் வணிகக் கட்டடமும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மட்டும் கூடாது. 2020-ல் கர்நாடகம் தனது நிலச்சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தி, விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம் என்றது. பலர் அந்தக் கதவு தங்களுக்கும் திறந்துவிட்டதாக நினைத்தார்கள். திறக்கவில்லை. மாநிலச் சட்டம் மாறினாலும் மத்தியச் சட்டத்தின் தடை அப்படியே இருக்கிறது. பரம்பரையாக வருவதை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இங்கே கிழக்கு பெங்களூரின் சிக்கல் ஆரம்பிக்கிறது. இன்று வீட்டு மனை என்று விற்கப்படும் ஒவ்வொரு துண்டும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு கிராமத்தின் சர்வே எண். அந்த எண்ணுக்குள் பட்டாதாரரின் நிலமும் இருக்கும், கராபு என்ற தரிசும் இருக்கும். கராபில் இரண்டு வகை. பி கராபு என்றால் வண்டிப்பாதை, ஓடை, கால்வாய் போல ஊருக்குப் பொதுவானது. அதை யாரும் விற்க முடியாது. விற்பனைப் பத்திரத்தில் அந்த ஓடை காணாமல் போவதற்கு ஒரு தலைமுறை போதும். மழைக்கு அது ஞாபகம் இருக்கிறது.

காத்தா என்ற மந்திரச் சொல்

தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா என்று அலைவது போல பெங்களூரில் காத்தா. உண்மையில் அது சொத்துவரிக்கான கணக்குப் பதிவு மட்டுமே. உரிமையைத் தருவது பத்திரம். ஆனால் காத்தா இல்லாமல் வங்கிக் கடன் இல்லை, கட்டட அனுமதி இல்லை. விதிப்படி அமைந்தவற்றுக்கு ஏ காத்தா. விதி மீறியவற்றிடமும் வரி வசூலிப்பதற்காக வைத்த தனிப் பதிவேடு பி காத்தா. வரி கட்டிய ரசீது கையில் இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கும் தூரத்துச் சொந்தக்காரர் இந்த இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் விழுகிறார்.

2024 அக்டோபரில் இருந்து பெங்களூரில் மின்னணுக் காத்தா இல்லாமல் பத்திரப் பதிவு இல்லை என்றாகிவிட்டது. பதிவு செய்ய உரிமையாளரின் அடையாளம் சரிபார்க்கப்பட வேண்டும், பழைய ஆவணங்கள் பெயர் எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். 1998-ல் பத்திரத்தில் தகப்பனார் பெயரை முன்னால் போட்டவர், பாஸ்போர்ட்டில் அதைப் பின்னால் போட்டிருப்பார். இந்த வித்தியாசத்தைத் தீர்க்க ஓர் உறுதிமொழிப் பத்திரம், ஒரு வழக்கறிஞர், ஒரு விமானப் பயணம். போதாததற்கு 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது. மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம். தன் வீடு இப்போது எந்த மாநகராட்சியில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை.

நேரில் வர முடியாதவர் பவர் கொடுப்பார். வெளிநாட்டில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டினால்தான் அந்தக் காகிதத்துக்கு உயிர். யாருக்குக் கொடுப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அண்ணனுக்கா, மைத்துனருக்கா, வீட்டைக் காட்டிய புரோக்கருக்கா? பொது அதிகாரப் பத்திரத்தை வைத்தே சொத்து கைமாறிக்கொண்டிருந்த வழக்கத்துக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. பதிவு செய்த கிரயப் பத்திரம் இல்லாமல் உரிமை மாறாது என்றது. ஆனாலும் பவர் வாங்கியவர் முறையாகப் பதிவு செய்து விற்றுவிட்டால், தடுக்க வேண்டியவர் பன்னிரண்டு மணி நேர விமானப் பயணத்துக்கு அப்பால் இருக்கிறார். வாடகை வசூலிக்க, வரி கட்ட, மின்சார அலுவலகத்தில் கையெழுத்திட என்று ஒவ்வொன்றாக எழுதி, விற்கும் அதிகாரம் இல்லாத குறிப்பிட்ட பவர் கொடுப்பதே விவரம் தெரிந்த வழக்கறிஞர்கள் சொல்லும் வழி.

வாடகையிலும் ஒரு கண்ணி உண்டு. வீட்டுக்காரர் இந்தியாவில் வசிக்காதவர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் குடித்தனக்காரர் அதில் 30 சதவீத வரியும் அதன் மேல் கூடுதல் தீர்வையும், ஆக 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இது வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்காது, குடியிருப்பவருக்கும் தெரிந்திருக்காது. நோட்டீஸ் வரும்போது அது வாடகை கொடுத்தவரின் பெயருக்குத்தான் வரும்.

விற்கும்போது இன்னும் கடுமை. 2024 ஜூலை 23-க்குப் பிறகு நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம். விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீதம் கட்டும் பழைய வழியையும் தேர்ந்தெடுக்கலாம் என்ற சலுகை, அந்தத் தேதிக்கு முன் வாங்கியவர்களில் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். வாங்குபவர் பயந்துபோய், ஆதாயத்துக்குப் பதில் முழு விலையிலும் வரியைப் பிடித்துவிடுவது சகஜம். வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கினால் தப்பலாம். இல்லாவிட்டால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறக் காத்திருக்க வேண்டும். கைக்கு வந்த பணத்தை என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே எடுத்துப் போகலாம்.

நுரை வந்த நாட்கள்

காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் வந்ததுதான் யமலூர் தரும் பாடம்.

அகர ஏரியிலிருந்து பெல்லந்தூருக்கு, பெல்லந்தூர் வழிந்து யமலூர் பாலத்தின் கீழே வர்தூருக்கு. தண்ணீரின் பாதை இதுதான். நகரத்தின் கழிவுநீரில் பெரும் பங்கு பல ஆண்டுகளாக இந்தப் பாதையில்தான் போனது. 2015-ல் யமலூர் பாலத்தின் மேல் ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை பறந்து வந்து வாகனங்களின் மேல் விழுந்தது. அதே ஆண்டு மே மாதம் ஏரியே தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் மறுபடியும். 2018 ஜனவரியில் பிடித்த தீயை அணைக்க ராணுவ வீரர்கள் வர வேண்டியிருந்தது. தண்ணீர் எரியும் ஊர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு தூர்வாரும் வேலை நடக்கிறது.

ஏரியைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதில் பெரிய சண்டை நடந்தது. 2016 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் ஏரியைச் சுற்றி 75 மீட்டர் என்றது. கட்டியவர்களும் கட்டப் போகிறவர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2019 மார்ச் 5-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. முதன்மைத் திட்டத்தில் உள்ளபடி ஏரிக்கு 30 மீட்டர், கால்வாய்களுக்கு அளவைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர் என்பதே செல்லும் என்றது. சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். மூன்றாண்டு கழித்து வந்த மழை இந்த அளவுகள் எதையும் மதிக்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் மாநகராட்சியின் புல்டோசர்கள் வந்தன. ராஜகாலுவே மேல் இருந்த சுவர்கள், கொட்டகைகள், சில கட்டடங்கள் இடிக்கப்பட்டன. சிலர் தடையாணை வாங்கினார்கள். சில வாரங்களில் வேகம் குறைந்தது. தடையாணை வாங்க வக்கீல் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள் என்பதும், தகரக் கொட்டகையில் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதும் புதிய செய்தி அல்ல.

அந்தக் கொட்டகைகளையும் சற்றுப் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தின் கட்டடங்களைக் கட்ட வந்தவர்களில் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைக்காரர்கள் நிறையப் பேர். பிறகு ராய்ச்சூர், கல்புர்கி ஆட்கள். அப்புறம் ஒரிசா, பீகார், அசாம், வங்காளம். கட்டடம் முடிந்ததும் சிலர் காவலாளியாக, வீட்டு வேலைக்காரராக, தோட்டக்காரராக அங்கேயே தங்கிவிட்டார்கள். கேட்டுக்குள் இருப்பது வராத சொந்தக்காரரின் வீடு. கேட்டுக்கு வெளியே, இன்னும் தாழ்வான இடத்தில், எந்தக் காகிதமும் இல்லாதவர்களின் குடிசை. ஒருவருக்கு உரிமை உண்டு, வாசம் இல்லை. மற்றவருக்கு வாசம் உண்டு, உரிமை இல்லை. பூட்டிய வீட்டின் ஜன்னலை மழைக்கு முன் சாத்துவது இந்த இரண்டாமவர்தான். 2022-ல் முதலில் நனைந்ததும் அவருடைய பாய்தான்.

வாங்குமுன் பார்க்க

இன்று வாங்க நினைப்பவருக்கு முன்பு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. கர்நாடக அரசின் தொலையுணர்வு மையம் 2018-ல் வெளியிட்ட திஷாங்க் என்ற செயலி, கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைக் காட்டும். அந்த எண்ணில் ஏரி, ராஜகாலுவே, மேய்ச்சல் புறம்போக்கு இருந்தால் அதுவும் தெரியும். ஊர் நில வரைபடத்தின் மேல் இன்றைய கட்டடங்களை வைத்துப் பார்ப்பது போல. வில்லங்கச் சான்றைக் காவேரி இணையதளத்தில் எடுக்கலாம். வயல் மனையாக மாற்றப்பட்ட உத்தரவு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், குடியேறத் தகுதிச் சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம்.

செயலி வெளிநாட்டில் இருந்தும் வேலை செய்யும். ஆனால் செய்ய முடியாத ஒரு காரியம் இருக்கிறது. நல்ல மழை நாளில் அந்தத் தெருவில் போய் நிற்பது. எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வீட்டு வாசலில் மணல் மூட்டை வைத்திருக்கிறார்கள் என்பதை அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் மீதியைச் சொல்வார். ஊர்ப் பெயரில் கெரே, கோடி, ஹள்ள என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அவரிடம் இன்னும் கொஞ்சம் பேசலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் செய்ய ஏதாவது இருக்கிறது. ஏப்ரலில் கட்டினால் சொத்து வரியில் 5 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும் என்பதை மறக்காத பலர், குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு ஒருமுறைகூட இணையம் வழியாக வருவதில்லை. மழைநீர் வடிகால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், ஆழ்குழாய்க் கிணறு பற்றியெல்லாம் முடிவு எடுப்பது அந்தக் கூட்டம்தான். கூட்டத்தில் இருப்பவர்களில் பாதி வாடகைக்காரர்கள். செலவு செய்ய ஒப்புதல் தர வேண்டியவர்கள் வேறு கண்டத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையம் ஓடாமல் நிற்பதற்கு மின்கட்டணம் ஒரு காரணம் என்றால், கேட்க ஆள் இல்லாதது இன்னொரு காரணம்.

தண்ணீரின் மறுமுனை

மடிவாளாவில் தொடங்கிய சுற்று வர்தூர் கோடியில் முடிவதில்லை. அங்கே வழிந்த தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து, எல்லை தாண்டி, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பெங்களூரில் பெருமழை பெய்த மறுநாள்களில் அணையின் மதகுகளிலிருந்து வெள்ளை நுரை எழுந்து சாலையில் பரவுவதை அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகப் பார்க்கிறார்கள். அந்தத் தண்ணீரில்தான் தக்காளியும் பூவும் விளைகின்றன. பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூரில் கடல்.

பெங்களூர் குடிப்பது மறுபக்கத்துத் தண்ணீர். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவரும் காவிரி. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாவது கட்டத்தில் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். தூரத்திலிருந்து வாங்கிய தண்ணீரைப் பயன்படுத்தி, தூரத்தில் இருப்பவர்களுக்கே கழிவாக அனுப்புகிறது நகரம். அந்தப் பாதையின் நடுவில், பக்கத்து ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர்களின் வீடுகள்.

முற்றிலும் நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். கழிவுநீரைச் சுத்திகரித்து, 2018 ஜூன் முதல் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். தண்ணீரின் தரம் பற்றி விவாதம் உண்டு. ஆனால் பல ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த ஏரிகளில் தண்ணீர் நிற்கிறது. ஓர் ஏரி நிறைந்தால் மிச்சம் அடுத்த ஏரிக்கு என்ற பழைய கணக்கை மோட்டார் வைத்து மறுபடியும் போட்டுப் பார்க்கிறார்கள்.

மடிவாளா கோயில் சுவரில் பெயர் இருக்கும் அந்த வெப்பூர்க்காரர் கொடுத்த நிலம் எங்கே என்று இன்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. பெரிய ஏரிக்குக் கீழே என்று எழுதியபோது, ஏரி என்றைக்கும் அங்கே இருக்கும் என்று நினைத்திருப்பார். இன்றைய கிரயப் பத்திரங்களில் நான்கு எல்லை எழுதும்போது கிழக்கே இன்னாருடைய மனை, மேற்கே முப்பதடிச் சாலை என்று எழுதுகிறார்கள். ஏரியை எழுதுவதில்லை. எழுதாவிட்டாலும் அது நாலாவது எல்லையாக நின்றுகொண்டுதான் இருக்கிறது. அடுத்த பெருமழையில் வாசலுக்கு வரும்போது வீட்டுக்காரர் இருக்கிறாரா, இல்லையா என்று அது பார்க்கப் போவதில்லை.